அடி மூடிய புஷ்

அந்த இயந்திரத்துக்கு அதைச் செய்த கம்பெனி ஒரு பெயர் வைத்திருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பெயர். கோவை கணபதியில், பட்டறைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சந்தில், அந்தப் பெயரை ஒருவரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது மாப்பிள்ளை.

பெயர் வைத்தவர் எதிர்ப் பட்டறை சென்னியப்பன். காரணமில்லாமல் வைக்கவில்லை. வந்து இறங்கிய அன்றைக்கே அதற்குத் தனி அறை, அறைக்கு ஏ.சி., வாசலில் மாவிலை. குளிர் குறையக் கூடாது, தூசி படக் கூடாது, பக்கத்தில் நின்று யாரும் தும்மக் கூடாது. இவ்வளவு சீரும் சிறப்பும் செய்த பிறகு, ஆறு மாதம் ஒரு திருகாணிகூடச் செய்யாமல் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஒறம்பரையா விருந்துக்கு வந்த மாப்பிள்ளைக எத்தனையோ பேரைப் பாத்திருக்கறனுங்" என்று எல்லோரிடமும் சொன்னார் சென்னியப்பன். "வந்த நாளையிலிருந்து துரும்பைக்கூட நகத்தாதவன் இவன் ஒருத்தன்தான்."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. செங்காந்தள் பம்ப்ஸ் அவளுடையது. அப்பா ஆரம்பித்தது, அவர் போன பிறகு பதினைந்து வருடமாக அவள் நடத்துகிறாள். மாப்பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் அவள்தான். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் சந்து முழுக்க அவள் முகத்தைத்தான் பார்க்கும்.

மாப்பிள்ளை வேலை தெரியாதவன் இல்லை. உலோகத் தூளை மெல்லப் பரப்பி, ஒளியால் உருக்கி, அடுக்கடுக்காக வளர்த்து, ஒரு முழு பம்பையும் தானே பெற்றெடுக்கக் கூடியவன். பிறகு எதற்கு ஆறு மாதம் வேடிக்கை என்று தமயந்தியே முதல் நாள் கேட்டாள். அதைப் பொருத்த வந்திருந்த நிலோஃபர் சென்னைப் பெண். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"புரோகிராம் எழுதிக் கொடுத்து ஓட்டற மெஷின் பழைய காலம் மேடம். அப்படிக் கொடுத்தா இது எங்க கம்பெனி மாதிரி ஓடும், உங்க கம்பெனி மாதிரி ஓடாது. வேலை நிக்கக் கூடாது, யாரும் சும்மா காத்துக்கிட்டு நிக்கக் கூடாது, அது மட்டும்தான் சொல்லி வச்சிருக்கோம். அதுக்காக நீங்க எல்லாரும் என்னென்ன பண்றீங்கன்னு பார்த்து, கேட்டு, தானாவே கத்துக்கும்."

"தப்பாக் கத்துக்கிட்டா?"

"நீங்க தப்பாப் பண்ணா அதுவும் தப்பாத்தான் கத்துக்கும்" என்று சொல்லிவிட்டு நிலோஃபர் கொட்டகையின் நான்கு மூலையிலும் அதன் கண்களையும் காதுகளையும் மாட்டப் போனாள்.

அந்தக் கண்களுக்கும் காதுகளுக்கும் தினமும் பதினொரு மணிக்கு நல்ல தீனி கிடைத்தது. அந்த நேரத்தில் வசந்தாமணி மின்சார ஸ்கூட்டரில் டீ டிரம்மோடு வருவாள். சந்திலேயே பெரிய மின்விசிறி தமயந்தியின் கொட்டகையில்தான் இருக்கிறது என்பதால் எல்லாப் பட்டறைக்காரர்களும் அங்கேதான் கூடுவார்கள். தமயந்தியின் பம்புக்கு வேண்டிய சாமான்களை அவர்கள்தான் ஆளுக்கு ஒன்றாகச் செய்து கொடுக்கிறார்கள். ஒருவர் மோட்டாருக்குக் காயில் சுற்றுவார், ஒருவர் சுழலும் தண்டான ஷாஃப்டைச் செய்வார், தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரைச் சென்னியப்பன் தன் லேத்தில் கடைவார்.

டீ குடிக்கும்போது பேச்சென்றால் சாதாரணப் பேச்சுத்தான். என் லேத்து மத்தியானம் சும்மாதான் கிடக்குது. எனக்கு நாலு பேரிங் இரவல் வேணும். இன்னைக்கு என் பையன் லீவு, உன் ஆளைச் சித்த நேரம் அனுப்பு. டம்ளர் காலியாவதற்குள் அன்றைய வேலை முழுக்கக் கை மாறியிருக்கும். யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை. ஒருவர் பட்டறை நின்றால் இன்னொருவர் பட்டறை அதைத் தாங்கும். இதற்கு மேலாண்மைப் படிப்பில் ஒரு பெயர் இருக்கலாம். சந்தில் இதற்குப் பெயர் டீ நேரம்.

அதில் ஒரு குறை உண்டு. வசந்தாமணியின் கம்பிக் கூடையில் பன்னிரண்டு குழி, பன்னிரண்டு டம்ளர். ஆட்கள் பதிமூன்று. இன்னொரு டம்ளர் வாங்கினால் என்ன என்று கேட்டால், "கூடைல எடமில்லீங்களே" என்பாள். கடைசியாக நிற்பது எப்போதும் தமயந்தி. யாராவது குடித்து முடித்து, கழுவிக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு டீ. முதலாளியம்மா டம்ளருக்குக் காத்து நிற்பதைப் பார்ப்பதில் எல்லோருக்கும் ஒரு குஷி.

இந்தக் குஷிக்கு நடுவேதான் அந்த ஆர்டர் வந்தது. பாலைவனத்துக் கிணறுகளுக்குச் சூரியப் பம்ப் அனுப்பும் பெரிய கம்பெனி. கிடைத்தால் செங்காந்தளுக்குப் பல வருடத்துக்கு வேலை. கிடைக்காவிட்டால், பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்டி மூச்சுவாங்கும் செங்காந்தள் அடுத்த தீபாவளியைப் பார்க்காது. ஆனால் ஆர்டரில் ஒரு நிபந்தனை இருந்தது. பம்பின் ஒவ்வொரு பாகமும் ஒரே கூரையின் கீழ், ஒரே இயந்திரத்தின் கையால் தயாராக வேண்டும். வெளிப் பட்டறை வேலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நேரில் பார்த்து முடிவு சொல்ல ஓர் ஆள் வருவார்.

தமயந்தி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆர்டர் வந்தால் சந்துக்கு வேலை இல்லை. வராவிட்டால் சந்துக்கு வேலை கொடுக்கிற செங்காந்தளே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி அவர்களுக்குத்தான். கடைசியில், கம்பெனியாவது மிஞ்சட்டும், பிறகு ஏதாவது செய்து அவர்களைக் காப்பாற்றலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளுக்கே பிடிக்கவில்லை.

அந்த ஆள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் சென்னியப்பனின் பட்டறைக்குப் போனாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"சென்னி, நாளைக்கு மட்டும் யாரும் கொட்டகைக்கு வர வேண்டாம். பாக்க ஆள் வருது. டீயை இங்கயே குடிச்சுக்கோங்க."

"நாளைக்கு மட்டுமா அம்மிணி?"

அவள் நின்றுபோன லேத்தைப் பார்த்தாள். அவர் வேஸ்ட் துணியில் கையை அழுத்தி அழுத்தித் துடைத்தார். கேலி எதுவும் வரவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் காலையில் வந்த ஜெரால்டு தூத்துக்குடிக்காரர். மெலிந்த ஆள், எதைப் பார்த்தாலும் ஒரு தடவை தட்டிப் பார்க்கிற ரகம். சந்துப் பக்கத்து ஷட்டர் இறக்கியிருந்தது. கொட்டகை கழுவிவிட்ட மாதிரி இருந்தது, ஆளில்லாத கல்யாண மண்டபம்போல. மாப்பிள்ளை அன்றைக்குத்தான் முதல் முறையாக முழு வேலையில் இறங்கினான். பம்பின் உடல்கள் ஒவ்வொன்றாகத் தட்டில் வந்து விழுந்தன. ஜெரால்டு தட்டிப் பார்த்தார், அளந்து பார்த்தார், தலையாட்டினார். அன்றைக்கென்று சென்னையிலிருந்து வந்திருந்த நிலோஃபர் மேஜைக்குக் கீழே தமயந்தியின் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

அப்புறம் தட்டில் வேறொரு பொருள் வந்து விழுந்தது. உள்ளங்கையில் அடங்கும் உருளை, உள்ளே குடைவு, விளிம்பு வழவழவென்று. ஜெரால்டு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த பார்ட்டு?"

நிலோஃபர் வரைபடங்களைப் புரட்டினாள். பம்பில் முப்பத்தொரு பாகங்கள். அதில் இது இல்லை. "ஷாஃப்டைத் தாங்கற புஷ் மாதிரி இருக்கு சார்."

"புஷ்ஷுன்னா ரெண்டு பக்கமும் தொறந்துல்லா இருக்கணும். ஷாஃப்ட் உள்ள போக வேண்டாமா? இதுல அடி மூடியிருக்கே." அவர் அதை மேஜைமேல் நிறுத்தி வைத்தார். "படத்துல இல்லாத சாமான உங்க மெஷின் அதுவா செய்யுமா?"

நிலோஃபர் வரைபடங்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். தமயந்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மாப்பிள்ளையின் இரைச்சல் மெல்லத் தணிந்து, அடங்கி, நின்றேபோனது. மணி பதினொன்று.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. காத்திருப்பு: யாரும் வரவில்லை.

நிலோஃபர் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அணைத்துப் போட்டாள். தன் கம்பெனிக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தாள். கெஞ்சியும் பார்த்தாள். அதே வரி. ஜெரால்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். ஆள் பொறுமைசாலிதான், ஆனால் பொறுமைசாலிக்கும் சாயங்காலம் ரயில் இருந்தது.

"மேடம், தினமும் பதினொரு மணிக்கு இங்க என்ன நடக்கும்?" என்று நிலோஃபர் காதோடு கேட்டாள்.

"டீ குடிப்போம்."

"அவ்ளோதானா?"

தமயந்தி திரையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. ஆறு மாதம் மூலையிலிருந்து பார்த்தவன், இந்தக் கம்பெனியில் வேலை நிற்காமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்பதைச் சரியாகத்தான் கற்றிருக்கிறான். தினமும் பதினொரு மணிக்கு எல்லோரும் கூடிப் பேசுகிறார்கள், பேசிய பிறகு வேலை தடையில்லாமல் ஓடுகிறது. பேச்சைக் கேட்காமல் மேற்கொண்டு எப்படி ஓட்டுவது? ஷட்டரைத் தூக்கினால் ஒரே கூரை என்று சொன்னது பொய்யென்று ஜெரால்டு முன்னாலேயே அம்பலமாகும். தூக்காவிட்டால் மாப்பிள்ளை அசைய மாட்டான்.

அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது இதுதான்: எப்படியும் தோற்பதென்றால் சென்னியப்பன் முகத்தைப் பார்க்க முடிகிற மாதிரித் தோற்றுவிடலாம்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டனுங்க" என்றாள். "எங்க கம்பெனி இந்தக் கூரையோட முடியறதில்லீங்க. சித்த உக்காருங்க, காட்டறேன்."

ஷட்டரைக் கையாலேயே தூக்கினாள். சந்தில், அன்றைக்குத் தாமதமாக வந்த வசந்தாமணியின் டீயைக் குடிக்க எல்லோரும் சென்னியப்பன் பட்டறை வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பயலும் நகரவில்லை.

"வாங்க, உள்ள வாங்க."

"நேத்து வேண்டான்னீங்க" என்றார் சென்னியப்பன், டிரம்மைப் பார்த்தபடி. அவர் அவளை ‘ங்க’ போட்டுப் பேசியது பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதுதான் முதல் தடவை.

"நான் கூப்பிடலப்பா. மாப்பிள்ளை கூப்பிடறான். நீங்க வராம வேலை செய்ய மாட்டேன்னு உக்காந்துட்டான்."

சென்னியப்பன் நம்பவில்லை. எட்டிப் பார்த்தார். திரையைப் படித்தார். இரண்டாம் தடவை உதடசையப் படித்தார். அவர் மீசை மெல்ல விரிந்தது.

"மாப்பிள்ளையே அழைச்சு வராம இருந்தா நல்லாருக்காதுங். வாங்கப்பா எல்லாரும்."

விருந்தாளி என்று முதல் டம்ளர் ஜெரால்டுக்குப் போனது. நிலோஃபர் காபி மட்டும் குடிப்பவள், கணக்கில் இல்லை. மற்றவர்களுக்குக் கொடுத்து வந்ததில் இன்றைக்கு இரண்டு பேருக்கு இல்லை: தமயந்திக்கும், வீம்பாகக் கடைசியில் வந்து நின்ற சென்னியப்பனுக்கும்.

"எத்தனை நேரம் காத்து நிக்கறது?" என்று சுற்றுமுற்றும் பார்த்த சென்னியப்பன், மேஜைமேல் இருந்த அந்த அடி மூடிய புஷ்ஷை எடுத்தார். வாயால் ஊதித் துடைத்தார். வசந்தாமணியிடம் நீட்டினார். அவள் பழகின கையால் ஊற்றினாள். விளிம்புக்கு ஒரு விரல் கீழே, மற்ற டம்ளர்களில் நிற்கும் அதே அளவில் டீ நின்றது.

நிலோஃபர் அந்த டம்ளரைப் பார்த்தாள், கம்பிக் கூடையைப் பார்த்தாள், வரிசையில் நின்ற தலைகளை எண்ணினாள்.

"யாரும் காத்துக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு நாங்கதான் சொல்லி வச்சோம்" என்றாள் மெதுவாக. "ஆறு மாசமா தினமும் ஒருத்தர் காத்து நின்னதைப் பார்த்திருக்கு. மேடம், அது உங்களுக்கு டம்ளர் செஞ்சிருக்கு."

தமயந்தி அதைச் சென்னியப்பன் கையிலிருந்து வாங்கினாள். பம்புக்குரிய எஃகு, கைக்குக் கனமாக, சூடாக இருந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்து, மறுபடி சிரித்தாள். சந்து முழுக்கச் சிரித்தது. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவள் எல்லோரோடும் சேர்ந்து சூடாக டீ குடித்தாள். காத்து நின்றது சென்னியப்பன்தான்.

சிரித்து முடித்தவர்கள் வழக்கம்போல் பேசத் தொடங்கினார்கள். காயில்காரர் கம்பி வந்துவிட்டது என்றார். சென்னியப்பன் தன் லேத்து சாயங்காலம்வரை சும்மாதான் என்றார். ஜெரால்டுகூட வசந்தாமணியிடம் டீயைப் புகழ்ந்தார். "நல்லாருக்கு. நாளைக்கு மட்டும் இஞ்சி கொஞ்சம் கூடப் போடுங்க" என்றார். யார் பேச்சு யார் காதில் விழுந்ததோ, அந்தக் கலகலப்பில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு நடுவே மாப்பிள்ளையின் இரைச்சல் மறுபடி எழுந்தது.

திரையில் வேலைப் பங்கீடு வந்தது. உடல்கள் தனக்கு. இம்பெல்லர் அத்தனையும் சென்னியப்பன் பட்டறைக்கு. காயில், ஷாஃப்ட் எல்லாம் அவரவருக்கு. அத்தனையையும் தானே செய்யத் தெரிந்தவன், தான் மெதுவாகச் செய்வதையெல்லாம் வேகமாகச் செய்கிறவர்களிடம் கொடுத்துவிட்டான். வெயில் தாழ்வதற்குள் பம்புகள் வரிசையாக நின்றன.

ஜெரால்டுக்கு அதில் சந்தோஷம் இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. "ஒரே கூரைன்னு நாங்க சும்மா எழுதல மேடம்" என்றார். "முன்ன வாங்குன பம்புல ஒண்ணு கெட்டுப்போனா எந்தப் பட்டறை சாமான்னு கண்டுபிடிக்க முடியல. ஒருத்தரைக் கேட்டா இன்னொருத்தரைக் கை காட்டுவாங்க. கெணத்தடியில ஊரே தண்ணியில்லாம நிக்கும்."

"இதுகிட்ட கேளுங்க சார்" என்றாள் நிலோஃபர். "ஒவ்வொரு லேத்தும் சாமான்மேல ஒரு மாதிரி கோடு போடும். ஓட்டற கைக்கும் ஒரு தினுசு இருக்கு. ஆறு மாசமா அதைத்தானே பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

அவர் சாமான்களைக் கலைத்துப்போட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே காட்டினார். பட்டறை பட்டறையாகச் சரியான பதில் வந்தது. கடைசியாக ஓர் இம்பெல்லர். திரை சற்று யோசித்தது. சென்னியப்பன் பட்டறை. ஓட்டியவர் சென்னியப்பன் அல்ல.

எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"மத்தியானம் சித்த கண்ணசந்துட்டனுங். அது எங்கூட்டுக்காரி ஓட்டினது." பிறகு ரோஷத்தோடு சேர்த்துக்கொண்டார்: "அளவு என்னுதவிடச் சுத்தமா இருக்குமுங், பாத்துக்கோங்க."

சுத்தமாகத்தான் இருந்தது. ஜெரால்டு அப்போது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஆனால் கிளம்பும்போது, "மேல கேட்டுட்டுச் சொல்றேன். எழுதியிருக்கறது எழுதியிருக்கறதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி பிடித்துப் போய்விட்டார். கேட்டுட்டுச் சொல்றேன் என்றால் என்ன அர்த்தம் என்று தொழில் செய்கிற எவருக்கும் தெரியும். தமயந்திக்குச் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. ஆனாலும் ஷட்டரை அவள் இறக்கவில்லை.

மறுநாள் காலையில் தட்டில் இன்னொரு டம்ளர் இருந்தது.

"நேத்தே ஒண்ணு செஞ்சாச்சே, பதிமூணு பேருக்கும் சரியாப் போச்சே" என்று நிலோஃபர் குழம்பினாள்.

"எனக்குத்தானுங்" என்றார் சென்னியப்பன். "நேத்து நான் காத்து நின்னதைப் பாத்திருக்கான். மாப்பிள்ளைன்னா இவன் மாப்பிள்ளை." அதை வாங்கித் தன் கையோடு வைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். நல்லது கெட்டது எதுவானாலும் டீ குடித்துவிட்டுப் பேசலாம் என்கிற முகங்கள். வசந்தாமணி ஊற்றி முடித்தாள். சென்னியப்பன் புது டம்ளரில், தமயந்தி நேற்றைய டம்ளரில். கூடையில் ஒரு டம்ளர் மிச்சம் நின்றது.

"தப்பா எண்ணிட்டான்" என்றாள் தமயந்தி. நேற்று அவ்வளவு சரியாக இருந்தவன் இன்றைக்குத் தடுமாறுகிறானே என்று அவளுக்கு அதுவும் சேர்ந்து கவலையாக இருந்தது. நிலோஃபர் திரையைப் பார்த்தாள். அங்கே ஒரு வரி இருந்தது. காத்திருப்பு: ஒருவர் வர வேண்டும்.

"யாருங்க வரணும்?" என்று வசந்தாமணி கேட்டு வாய் மூடவில்லை.

"இஞ்சி போட்டாச்சா?"

சந்துப் பக்கத்து வாசலில் ஜெரால்டு நின்றுகொண்டிருந்தார். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை, கசங்கியிருந்தது. வசந்தாமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு இஞ்சி கூடப் போடுன்னு நேத்தே சொன்னீங்களே. எனக்குச் சுத்தமா மறந்துபோச்சுங்க சார்."

நேற்று அத்தனை பேர் நடுவில் சொன்ன சொல். அதிலிருந்த ‘நாளைக்கு’ என்ற வார்த்தையைப் பதிமூன்று பேரில் ஒருவர்கூடக் காதில் வாங்கியிருக்கவில்லை. வாங்கியவன் உள்ளே ஏ.சி. அறையில் இருந்தான்.

தமயந்தி எழுந்து நின்றாள். ஆர்டர் என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. டீயைக் குடித்த அந்த நிமிஷத்திலேயே இந்த மனிதர் ரயிலை விட்டுவிட்டுத் தங்கத் தீர்மானித்திருக்கிறார்.

"ராத்திரி பூரா போன்லயே மல்லுக்கட்டு" என்றார் ஜெரால்டு, மிச்சமிருந்த டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு. "கூரைங்கிற வார்த்தைய எடுத்தாச்சு மேடம். சாமான யார் செஞ்சாங்கன்னு உங்க மெஷின் சொன்னாப் போதும், எத்தனை பட்டறைன்னு நாங்க கேக்க மாட்டோம். ஆனா ஒரு கண்டிஷன்."

அவர் டம்ளரை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"நான் வாரப்பல்லாம் எனக்கு இந்தக் கண்ணாடி டம்ளர் வேண்டாம். மெஷின் செஞ்சது வேணும்."

சென்னியப்பன் தன் கையில் இருந்ததைப் பார்த்தார். ஒரே மடக்கில் காலி செய்தார், கழுவினார், இரண்டு கையாலும் நீட்டினார். "இது உங்களுதுதானுங். நான்தான் ஆளு தெரியாம எடுத்துட்டேன்."

மாப்பிள்ளை இரையத் தொடங்கினான். தமயந்தி டிரம்மிலிருந்து தானே டீயைப் பிடித்து ஜெரால்டுக்கு ஊற்றினாள். வசந்தாமணி இஞ்சி வாங்கக் கடைக்கு ஓடினாள்.